ஜப்பானில் தலை குனிந்தார்கள், தெல்தெனியவில் தேங்காய் உடைத்தோம்

தெல்தெனியவில் ஹொண்டா வெசல் வைத்திருக்கும் யாரையாவது மறித்து, "வாகனம் எப்படி அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "பிரச்சின ஒண்ணுமே இல்ல தம்பி, தங்கம்!" என்பார். முந்தின கிழமைதான் அந்தத் தங்கத்தை லொறியில் ஏற்றிக் கண்டிக்கு அனுப்பி, கிளச் மாற்றி, மனைவியின் நிஜத் தங்கத்தை அடகு வைத்துப் பில் கட்டியிருப்பார். அதைச் சொல்ல மாட்டார். சொன்னால் விலை விழும்.

இந்தப் பொய்யை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை. உலகத்தில் மற்ற இடங்களில் கார் கடை வாசலைத் தாண்டியதும் விலை இறங்கும். நம் நாட்டில் பல வருடம், வயதாக ஆக விலை ஏறியது. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதி. இடையில், ஜப்பானில் யாரோ பாவித்துச் சலித்த 2014ஆம் வருட வெசல் இங்கே ஒரு கோடி ரூபாயைத் தொட்டது. வீட்டு வாசலில் நிற்பது வாகனமல்ல, வங்கிப் புத்தகம். தன் வங்கிப் புத்தகத்தில் ஓட்டை இருக்கிறது என்று எவன் தெருவில் நின்று கத்துவான்?

நல்ல வாகனம் இல்லையா என்றால், நல்ல வாகனம்தான். 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்து, அடுத்த வருடமே அங்கே அதிகம் விற்ற எஸ்.யூ.வி. ஆனது சும்மா இல்லை. பெற்றோல் தாங்கியை முன் ஆசனங்களுக்குக் கீழே தள்ளிவிட்டதால் பின்னால் தாராளமான இடம். பின் ஆசனத்தின் அடிப்பாகத்தைத் தூக்கி நிமிர்த்தினால் வாழைக்குலையை நட்டமாகவே நிறுத்திக் கொண்டுவரலாம். ரங்கலைப் பக்கத்துத் தோட்டப் பாதையில் அவ்வளவு எளிதில் வயிறு தட்டாது. 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறி, பிறகு கியூ.ஆர். காட்டினால் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றியபோது, ஹைபிரிட்காரர்தான் ஊரில் ராஜா. மற்றவன் ஷெட் வரிசையில் படுத்துக் கிடக்க, இவர் சத்தமில்லாமல் பற்றரியில் நழுவிப் போனார்.

ஆனால் ராஜாவின் ஜாதகம் ஜப்பானில் எழுதிக் கிடக்கிறது. வெசலுக்கும் அதன் அண்ணன் ஃபிட்டுக்கும் ஒரே வகை ஹைபிரிட் ஏற்பாடு. 2014 பெப்ரவரியில், கியர் சரியாக விழாமல் வாகனம் நகராது போகலாம் என்று எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபிட், வெசல் ஹைபிரிட்டுகளைத் திருப்பி அழைத்தது ஹொண்டா. ஜூலையில், எதிர்பாராமல் வேகம் எடுக்கலாம் என்று 1 இலட்சத்து 75 ஆயிரத்தை அழைத்தது. ஒக்டோபரில் இன்னுமொரு 4 இலட்சத்து 25 ஆயிரம். ஃபிட் ஹைபிரிட் சந்தைக்கு வந்து ஒரு வருடம் சொச்சத்துக்குள் அது ஐந்தாவது அழைப்பு. அன்றைய தலைவர் இத்தோ தக்கநொபு தன் சம்பளத்தில் 20 வீதத்தை மூன்று மாதங்களுக்கு விட்டுக்கொடுத்தார். கூட இருந்த அதிகாரிகளின் சம்பளத்திலும் கை வைத்தார்கள்.

அதே காலத்து வாகனங்கள் இங்கே துறைமுகத்தில் இறங்கின. நாம் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கண்ணாடியில் சந்தனம் பூசினோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். ரீகோல் என்ற அந்தத் திருப்பி அழைப்பைப் பற்றிப் பிள்ளையாரிடம் யாரும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை.

இந்த ஹைபிரிட்டுக்குள் இருப்பது எண்ணெயில் ஊறாத இரண்டு உலர் கிளச். ஒன்று ஒற்றைப்படைக் கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. தடையில்லாத பாதையில் கியர் மாறுவதே தெரியாது. ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து போனாலோ கிளச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்ந்தால் சூடு. சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய் இல்லை. இதைத் துன்புறுத்தவென்றே ஒரு பாதை போடச் சொன்னால் கண்டி–மகியங்கனைப் பாதையைத்தான் போடுவார்கள். ஒரு பக்கம் பாடசாலை நேரத்துத் தென்னகும்புரப் பால வரிசை. மறுபக்கம் உடதும்பரைக்கு அப்பால் பதினெட்டு வளைவு. ஹசலக்கவிலிருந்து ஏறும்போது முன்னால் ஒரு மணல் லொறி அகப்பட்டால் போதும். ஒரு கோடி ரூபாய் வாகனம் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கும்.

பாவம், வாகனம் எச்சரிக்காமல் இல்லை. கியர்ப் பெட்டி சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்து என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. ஜப்பானிய மொழியில்! காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு ஜப்பானியப் பெண் குரல், அந்த நாட்டு அதிவேகப் பாதைக்கான ஈ.ரி.சி. அட்டையைப் போடவில்லை என்று அறிவிக்கிறது. நாங்கள் அதைக் காலை வணக்கம் என்று ஏற்றுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுகிறோம். தெல்தெனியத் தமிழனுக்கு இதில் புதுமை எதுவுமில்லை. அரச அலுவலகத்திலிருந்து வரும் கடிதமே அவனால் வாசிக்க முடியாத மொழியில்தான் பல நேரம் வருகிறது. முக்கியமான எதுவும் தனக்குப் புரியாத மொழியில்தான் இருக்கும் என்று பழகியவன், மஞ்சள் எழுத்து மின்னினால் பயப்படுவானா? பயணத்தைத் தொடர்வான்.

கராஜுக்குப் போனால் பாஸ் கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, "இது எல்லா வெசலுக்கும் வாறதுதானே!" என்று ஆறுதல் சொல்கிறார். இந்த ஒரு வசனத்தில் நம் நாட்டு நுகர்வோர் சட்டம் முழுவதும் அடங்கிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் வந்தால் அது தயாரிப்புக் குறை, செய்தவன் பணத்தில் திருத்தித் தர வேண்டும் என்பது ஜப்பானின் கணக்கு. எல்லாவற்றுக்கும் வந்தால் அது விதி, வாங்கினவன் தலையில் எழுதியது என்பது எங்கள் கணக்கு. உள்ளூர் முகவரிடம் போனால், நான் கொண்டுவராத வாகனத்துக்கு நான் ஏன் பொறுப்பு என்று கேட்பார். கேள்வி நியாயமானது. கொண்டுவந்து இறக்கிய வியாபாரி அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கிறார். செய்தவன் யொகோஹாமாவுக்கு அந்தப் பக்கம்.

மிச்சமிருப்பது ஒரே வழி, விற்றுவிடுவது. எரர் எல்லாவற்றையும் கணினியில் அழித்து, வாகனத்தைக் குளிப்பாட்டி, விளம்பரம் போடுகிறோம்: "டொக்டர் பாவித்தது. ஒரிஜினல் மைலேஜ். ஒரு சதமும் செலவில்லை." இந்த நாட்டில் விற்பனைக்கு நிற்கும் வாகனங்களை எல்லாம் டொக்டர்மார்தான் பாவித்தார்கள் என்றால், ஆஸ்பத்திரிகளில் டொக்டர் இல்லாததற்குக் காரணம் விளங்குகிறது, எல்லோரும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த விளம்பரத்தை நம்பி வருபவர் யார் என்பதில்தான் எனக்குச் சிரிப்பு அடங்கிப் போகிறது. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே 2024 செப்டெம்பரில்தான். அப்படியொரு வீட்டிலிருந்து படித்து, உத்தியோகம் எடுத்து, அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டிப்போகக்கூடாது என்று லீசிங்கில் முதல் வாகனம் வாங்க வருகிற பிள்ளை அது. நான்காம் கையாக அதனிடம் போய்ச் சேர்கிறது நம்முடைய தங்கம். கிளச் நின்றாலும் தவணை நிற்காது. தவணை நின்றால் வாசலில் வாகனம் நிற்காது. லீசிங் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். "பிரச்சின ஒண்ணுமே இல்ல தம்பி" என்று சொன்ன அண்ணன் அப்போது அடுத்த வாகனத்துக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் சில்லறைத் திருடன். மொத்த வியாபாரம் கொழும்பில் நடக்கிறது. 2025இல் கதவு திறந்தபோது போட்ட கணக்கு இது: வாகனம் வந்து இறங்கியதும் சுங்கத் தீர்வை, அந்தத் தீர்வையின் மேல் 50 வீதம் மேலதிகம், எஞ்சின் அளவுக்கு உற்பத்தி வரி, பெறுமதி கூடினால் ஆடம்பர வரி, இத்தனையையும் கூட்டி அதன் மேல் 18 வீதம் வற். பொருளைச் செய்தவனுக்குப் போகும் காசைவிட, அது கரையிறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்குப் போகும் காசு கூட. சரி, எடுத்துக்கொள்ளட்டும், கடன்பட்ட நாடு. எடுத்த காசுக்கு, 'இந்த வாகனத்துக்கு ஜப்பானில் ரீகோல் இருக்கிறதா, திருத்தியாயிற்றா' என்று ஒரு வரி பார்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பார்க்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 இல் பி.வை.டி. மின்சார ஜீப்புகளின் மோட்டர் 100 கிலோவாட்டா, 150 கிலோவாட்டா என்று சந்தேகப்பட்டு நூற்றுக்கணக்கில் மறித்து வைத்தது சுங்கம். விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. யார் சரி என்பது நீதிமன்றத்தின் பாடு. வரி குறைகிறது என்றால் மோட்டருக்குள்ளேயே தலையை விட்டுப் பார்க்கிற அரசுக்கு, உயிர் போகலாம் என்றால் மட்டும் பொனட்டைத் திறக்கத் தெரியாமல் போகிறது என்பதுதான் என் பேச்சு.

வருடா வருடம் சோதிக்கிறார்களே என்பீர்கள். ஆம், புகையைச் சோதிக்கிறார்கள். 2008 முதல் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் மெததும்பர பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. பின்னால் புகை வராவிட்டால் பாஸ். முன்னால் போகுமா, பிரேக் பிடிக்குமா, பலூன் எப்படி வெடிக்கும் என்பது அந்தச் சோதனையில் இல்லை. பலூன் என்றதும் நினைவு வருகிறது. உலகத்தின் மிகப்பெரிய வாகன ரீகோலான தக்காத்தா காற்றுப்பை விவகாரத்தில் குற்றவாளி, வெக்கையிலும் ஈரத்திலும் காலப்போக்கில் கெட்டுப்போகும் அமோனியம் நைத்திரேற்று. அதனால் காற்றுப்பை விபத்தில் காப்பாற்றுவதற்குப் பதிலாக உலோகத் துண்டுகளை முகத்தில் எறிந்தது. வெக்கையும் ஈரமும் எங்கள் நாட்டில் எந்த மாதம் இல்லை? பழைய ஜப்பானிய வாகனம் எந்தத் தெருவில் இல்லை?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை ஒன்றும் இருக்கிறது. சோடாவை அச்சடித்த விலைக்கு மேல் ஐந்து ரூபாய் கூட்டி விற்ற பெட்டிக் கடைக்காரனைப் பாய்ந்து பிடிக்கும். ஒரு கோடிக்கு விற்ற கிளச் இல்லாத ஜீப்பு அதன் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை போலும். பாராளுமன்றத்தில் இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் பல காலம் தீர்வையில்லாப் பெர்மிட்டில் வாகனம் எடுத்தவர்கள். அந்தப் பெர்மிட்டைக் கைமாற்றிக் காசு பார்த்த கதைகளும் ஊரறிந்தவை. வரியும் கட்டாமல், பழைய வாகனமும் ஓட்டாமல் இருந்தவருக்கு எங்கள் கிளச் எப்படிச் சூடு காட்டும்?

விக்டோரியா அணைக்காக எங்கள் பழைய தெல்தெனியவையே தண்ணீருக்குள் இறக்கினார்கள். 1985 இல் அணையைத் திறந்தபோது ஊர் கீழே கிடந்தது. அதற்குக்கூட நஷ்டஈடு என்று ஒரு கணக்கு, மகாவலி வலயத்தில் காணி என்று ஒரு பேச்சு, முறையிடப் போக ஒரு மேசை இருந்தது. வெசலில் மூழ்கியவனுக்கு அந்த மேசையும் கிடையாது.

இப்போது ஊரின் மோகம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. எஞ்சின் சிறிதானால் வரி குறைவு என்பதால் ஆயிரம் சி.சி.க்குள் அடங்கும் டொயோட்டா ரைஸ் புதிய மாப்பிள்ளை. அதைச் செய்வது டைஹட்சு. 2023 மே மாதம், ரைஸ் ஹைபிரிட்டின் பக்கவாட்டுக் கம்ப மோதல் சோதனையில் தில்லுமுல்லு செய்ததை டைஹட்சுவே ஒப்புக்கொண்டது. ஒரு பக்கத்தை மோதிப் பார்த்த முடிவையே மறு பக்கத்துக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். டிசம்பரில் 64 மாதிரிகள், 174 முறைகேடுகள் என்று அறிக்கை வந்தது. தொழிற்சாலைகளிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை. பிறகு மறுபடி சோதித்து, அனுமதி வாங்கித்தான் விற்பனை தொடங்கியது. அங்கே அவ்வளவு களேபரம். இங்கே கார் சேலில் போய் இதைக் கேட்டால், "கலர் என்ன வேணும் சேர்?" என்பார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சேசிஸ் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கம்பனிகளின் இணையத்தளத்தில் அதை அடித்தால் ரீகோல் இருக்கிறதா, திருத்தினார்களா என்று தெரியும். ஜப்பானியம் வாசிக்கக் கைபேசி உதவும். சேல்காரர் இலக்கத்தைக் காட்ட மறுத்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பதிவின்போது செய்ய வேண்டிய இந்த வேலையை, அதற்கான கட்டணத்தையும் கட்டிவிட்டு, நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது.

விற்கப் போகிற அண்ணன்மாருக்கும் ஒன்று. கிளச் மாற்றிய பில்லை ஒளிக்காமல் வாகனப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுங்கள். இரண்டு இலட்சம் குறையும், குறையட்டும்.