சோழனோடு விளையாடலாமா?

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கேட்டு அடம்பிடிக்கிறான். சண்டை விளையாட்டாமே, வாங்கித் தரலாமா?
- வாசகி, கரூர்

பதில்: தாராளமாக. அமெரிக்கத் தர வாரியம் 13 வயதுக்கு மேல் என்கிறது. உங்கள் பிள்ளை வாசற்படியில்தான் நிற்கிறான். வாள், அம்பு, சாவு எல்லாம் உண்டு. ஆனால் உருவங்கள் எறும்பளவு. 50 உணவு சேர்த்தால்தான் ஒரு கிராமவாசி கிடைப்பார். வீடு கட்டாவிட்டால் ஆள் சேராது. விறகு வெட்டாமல் போருக்குக் கிளம்புகிறவன் தோற்பான். மாதக் கடைசிச் செலவைப் பற்றி அவனிடம் பேசுவது இனி சுலபம்! 2022-இல் வந்த இணைப்பில் ராஜேந்திர சோழனும் இருக்கிறார்.

எனக்குப் பயம், இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு நடக்கும் அரட்டைதான். கம்ப்யூட்டரோடு மட்டும் மோதட்டும். முதல் ஆட்டத்துக்கு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.