குளிரில் நடுங்கும் கேஸ் டப்பா

கேள்வி: கொடைக்கானலில் கூடாரம் போட்டுத் தங்கினோம். விடியற்காலையில் கையடக்க கேஸ் அடுப்பு சோர்ந்துவிட்டது. சாதமும் வேகவில்லை. அடுப்பில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, குளிர்தான். உங்களுக்காவது ஸ்வெட்டர் இருந்தது, பாவம் அந்த டப்பாவுக்கு ஒன்றுமில்லை! அதற்குள் பெரும்பாலும் இருப்பது திரவ பியூட்டேன். 0 டிகிரியை நெருங்கினால் ஆவியாக மறுக்கும். வெளியே 8 டிகிரிதானே என்கிறீர்களா? திரவம் ஆவியாக ஆவியாக டப்பாவின் சூட்டையே உறிஞ்சிக்கொள்ளும், அதனால் உள்ளே இன்னும் ஜில்லிட்டுப்போகும். சமைக்கும் முன் கொஞ்ச நேரம் டப்பாவை உங்கள் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பில் மட்டும் காட்டிவிடாதீர்கள், வெடிக்கும். புரொப்பேன் கலந்த டப்பா கிடைத்தால் இன்னும் நல்லது. புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி, கொடைக்கானல் குளிரெல்லாம் அதற்குக் கோடைக்காலம்.

சாதம் விஷயம் வேறு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நம்பிவிட்டீர்கள். அடுத்த முறை சின்ன குக்கர் எடுத்துப் போங்கள்.

எவ்வளவு குளிரினாலும் அடுப்பையோ கரித்தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.