அப்பத்தா சுருக்குப்பை ரூவாயும் பேராண்டி கட்டுற மச்சு வீடும்

வாடா பேராண்டி! அப்பத்தா சுருக்குப்பையில ஒரு வெள்ளி ரூவா சிக்குனதும் மதுரையில மச்சு வீட்டுக்கு மனை பாக்க ஆரம்பிச்சிட்டியாமே? பழைய ரூவாய்க்கு 10 லட்சம் தாரேன்னு செல்போன்ல எவனோ சொன்னானாம். அவன் முதல்ல உன்கிட்ட பதிவுக் கட்டணம்னு கேப்பான், பாத்துக்க. அரிசிய இழுக்குற செம்பு, இரிடியம்னு ஊரை ஏச்சவனுக்கு அண்ணன் முறை அவன்.

சும்மா ராசா மீசையவே பாக்காதே. காசைத் திருப்பு. எழுத்தைச் சுத்திப் பூங்கொடி ஓடுதா? அடியில தாமரைப்பூ தெரியுதா? அதுக்குக் கீழ கடுகுல பாதியா ஒரு புள்ளி மேடு தட்டி நிக்கும். நகத்தால நோண்டாதடா, அது அழுக்கில்ல! அதான் மின்ட் மார்க்கு. பம்பாயில அடிச்சதுன்னு அர்த்தம். புள்ளி இல்லேன்னா கல்கத்தா. மூத்த சம்பந்தி வீட்டுக்காரன் மாதிரி அவனுக்கு ஒரு வீம்பு, குறியே போடமாட்டான். இன்னைக்குச் சில்லறையிலயும் பம்பாய்க்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கல்கத்தா மட்டும் மொட்டைதான். ஜார்ஜ் ராசா ரூவாயில புள்ளியப் பாத்துட்டு நொய்டான்னு சொல்லி என் மானத்தை வாங்கிப்புடாதே.

மெட்ராசு முத்திரையையும் தேடாதே. அங்க இருந்த அக்கசாலையை 1869லயே மூடிட்டான். தங்கசாலைத் தெருன்னு பேருதான் மிச்சம்.

உன் காசுல வருசம் என்ன? 1918. சரியாப்போச்சு! அப்போ பெரிய சண்டை, வெள்ளிக்கு அடிதடி. அமெரிக்காக்காரன் சட்டமே போட்டு, அவன் டாலரை உருக்கி வெள்ளிய நம்ம பக்கம் அனுப்புனான். அந்த ஒரு வருசத்துல பம்பாயில மட்டும் 20 கோடிக்கு மேல ரூவா அடிச்சாங்க. அதுல ஒண்ணு உன் கையில இருக்கு, நீ மனை பாக்குற!

1911ஆ இருந்தா சங்கதி வேற. ராசா அங்கியில இருந்த யானை பன்னி மாதிரி தெரியுதுன்னு ஊரே கத்தவும், வாங்கி உருக்கிட்டான்; தப்பிச்ச காசுக்கு மவுசு உண்டு. 1939க்கு அதைவிட மவுசு, அதனாலயே போலியும் அதிகம். 1862ன்னு கண்டாலும் துள்ளாதே. பத்து வருசத்துக்கு மேல அதே வருசத்தைப் போட்டு அடிச்சுத் தள்ளியிருக்கான்.

ஆசாரி தராசுல வையி. சரியா ஒரு தோலா, 11.66 கிராம் நிக்கணும். காந்தத்துல ஒட்டுனா அது வெள்ளியில்ல. 1947 ரூவா ஒட்டும், அது நிக்கல். உன்னுது எடை கொஞ்சம் கூடவே காட்டும். ஏன்னா உங்க அப்பத்தா காசுமாலையில கோக்க அதுக்குக் காது வச்சுப் பத்தவச்சிருக்கா. போதாக்குறைக்கு நீ வேற புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு மாதிரி தேச்சு வச்சிருக்க! நூறு வருசமா ஏறுன கருப்புக்குத்தான்டா சேகரிக்கிறவன் கூடக் காசு குடுப்பான். அதை வாய்க்கால்ல கரைச்சுவிட்டுட்டு விலை கேக்கக் கிளம்பிட்டாரு தொரை.

காதையும் சேத்துப் பிடுங்கிப்புடாதே, அந்தத் தழும்பு ராசா தலையில நிக்கும். உள்ள இருக்குறது 10.7 கிராம் வெள்ளி. அன்னன்னைக்கு வெள்ளி என்ன விலையோ அதுதான் உன் காசுக்கும். பஸ் செலவு உன் கைக்காசு.