ஒற்றை வரி, ஊர்ப் பந்தி

டெர்மினலில் ஒரே ஒரு வரி தட்டினால் மொபைல் செயலி தயாராகிவிடும் என்பார்கள். வரி ஒன்றுதான். ஆனால் ஆண்ட்ராய்டு செயலிக்கு அதை முதல் முறை தட்டியதும் கிரேடில் என்ற கட்டுமானக் கருவி கண்விழித்து, முதலில் தன்னையே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். நூறு எம்பிக்கு மேல். பிறகு நூலகங்கள், அந்த நூலகங்களுக்கு வேண்டிய நூலகங்கள். மாப்பிள்ளையை அழைத்தால் ஊரே பந்திக்கு வந்த கதை.

அந்தமானில் 2020 ஆகஸ்ட் 10 வரை இந்தப் பந்திக்கு வழி செயற்கைக்கோள்தான். அன்றுதான் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், பெயரை மாற்ற எதையும் இறக்க வேண்டியிருக்கவில்லை) மற்ற சில தீவுகளுக்கும் சேர்த்துச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. அதற்கு முன், சென்னைக் கப்பலில் பென்டிரைவ் ஏற்றினால் மூன்று நாளில் வந்துவிடும். கட்டளையோடு பந்தயம் என்றால், விவரமானவர்கள் கப்பல் மீதுதான் பணம் கட்டியிருப்பார்கள்.

மொபைல் செயலிகளை உருவாக்கும் கருவித்தொகுப்பான ஃப்ளட்டரில் 'டாக்டர்' என்றே ஒரு கட்டளை உண்டு. கணினியைச் சோதித்து, எங்கே குறை என்று குறியிட்டுக் காட்டும். மருந்து மட்டும் இணையத்தில்.

கிரேடிலுக்கு 'ஆஃப்லைன்' வசதியும் இருக்கிறது. எல்லாவற்றையும் முன்பே இறக்கி வைத்தவர்களுக்கு அது பிரமாதமாக வேலை செய்யும்.