டிவிக்குத் தனியா ஒரு மூளை

அடேய் பேராண்டி, இப்படி வந்து உக்காரு. நடுவீட்டு டிவியைக் காயலான் கடைக்குப் போடணும்னு சொன்னியாமே? படம் பளிச்சுனு தெரியுது, சத்தம் கணீர்னு கேக்குது. ஸ்மார்ட்டா இல்லைங்கறதுதான் குத்தமா? அப்படிப் பாத்தா உங்கப்பனை எப்பவோ போட்டிருக்கணும்.

கண்ணும் காதும் நல்லா இருக்கு, மூளைதானே இல்லை? வாங்கி மாட்டிடு. மனுசனுக்கு விக்கல, டிவிக்கு விக்கறான். ஃபயர் டிவி ஸ்டிக்குன்னு விரல் நீளக் குச்சி. பிராசசர், ராம், வைஃபை எல்லாம் உள்ளயே இருக்கு. 2017-ல நம்ம நாட்டுக்கு வந்தப்ப 3,999 ரூபா. சீமைச் சரக்குன்னு பீத்திக்காத. ஃபாக்ஸ்கானோட கிளைக் கம்பெனி மூலமா சென்னையிலயே செய்யப்போறோம்னு 2021-ல அமேசான்காரன் அறிவிச்சுட்டான்.

முதல்ல டிவி முதுகுல எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கான்னு பாரு. மஞ்சள், வெள்ளை, சிவப்பு மட்டும்தான்னா நடுவுல கன்வெர்ட்டர் வேணும். பக்கத்துலயே யுஎஸ்பி இருக்கேன்னு கரண்டை அதுலேருந்து இழுத்துச் சாமர்த்தியம் காட்டாத. பல டிவியில அது அரை ஆம்பியர்தான் குடுக்கும். குச்சி கேக்கறது ஒரு ஆம்பியர். அரைவயித்துக் கஞ்சிக்கு எவன் ஏர் ஓட்டுவான்? கதாநாயகன் அருவாளை ஓங்கற நேரத்துல அணைஞ்சு, திரும்ப முதல்லேருந்து லோகோ காட்டும். கூட வர்ற அடாப்டரைச் சுவத்துல சொருகு.

இன்னொரு சங்கதி. நம்ம ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை 1799 மே 4-ஆம் தேதி எப்படி விழுந்துச்சு? உள்ள இருந்த மந்திரி மீர் சாதிக் காட்டிக்குடுத்தான்னு இந்த ஊர்ல சின்னப்பிள்ளையும் சொல்லும். இந்தக் குச்சியும் உள்ள இருக்கற ஆளுதான். எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பாத்தேன்னு எசமானுக்குக் கணக்கு அனுப்பும். செட்டிங்ஸ்ல பிரைவசிக்குப் போயி அதையெல்லாம் அணைச்சு வை. ராத்திரி நீ என்ன பாக்கறேன்னு நானே கேக்கறதில்ல, அமெரிக்காக்காரனுக்கு எதுக்கு?

கேபிள்காரனை உடனே துரத்திடாத. 2025 மார்ச்சுல, இதே மாதிரி டிவியில மாட்டற கூகுளோட ரெண்டாந்தலைமுறை குரோம்காஸ்ட் ஊர் ஊரா ஒரேயடியா படுத்துக்கிச்சு. கம்பி அறுந்து இல்லடா, உள்ள வச்சிருந்த டிஜிட்டல் சான்றிதழுக்குக் கெடு முடிஞ்சுபோச்சு! கம்பெனி அப்டேட் அனுப்பினதுக்கு அப்புறந்தான் எழுந்துச்சு.

சரி, போயி வாங்கிட்டு வா, காசு நான் தரேன். ரிமோட்டு மட்டும் உங்க பாட்டிகிட்டதான் இருக்கும், சொல்லிட்டேன்.