புகைபோக்கி மகாத்மியம்

அமில மழையின் கதை சோப்பில் தொடங்குகிறது. சோப்புக்கும் கண்ணாடிக்கும் சோடா உப்பு வேண்டும். பிரெஞ்சு ராஜாவுக்கு அதை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சாதாரண உப்பிலிருந்து சோடா செய்து காட்டுகிறவருக்கு 2,400 லிவ்ர் பரிசு என்று 1775-ல் அறிவிப்பு வந்தது. ஆர்லியன்ஸ் கோமகனின் வைத்தியர் நிக்கோலா லெப்லான் செய்து காட்டினார், 1791-ல் காப்புரிமையும் பெற்றார். பரிசு மட்டும் வரவில்லை. பிரெஞ்சுப் புரட்சியில் 1793-ல் ராஜாவின் தலை போயிற்று. அதே ஆண்டு, ஆலைக்குப் பணம் போட்ட கோமகனின் தலையும் போயிற்று. ஆலையைப் புரட்சி அரசு எடுத்துக்கொண்டது. மனம் உடைந்த லெப்லான் 1806-ல் தன்னையே சுட்டுக்கொண்டார். இந்தத் தொழிலில் சொந்தச் செலவில் நஷ்டப்பட்ட முதலாளி அநேகமாக அவர் ஒருவர்தான். பின்னால் வந்தவர்கள் நஷ்டத்தை அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் 1823-ல் உப்பு வரி குறைந்ததும் ஜேம்ஸ் மஸ்ப்ராட் லிவர்பூலில் கடை விரித்தார். லெப்லான் முறைப்படி உப்போடு கந்தக அமிலத்தைச் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். அப்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். ஈரக்காற்று பட்டால் அது அமிலம். ஈரத்துக்கோ இங்கிலாந்தில் பஞ்சமில்லை. செடி கருகியது, பூட்டு துருப்பிடித்தது, ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தொழில்துறை யோசித்து ஒரு தீர்வு கண்டது: சிம்னியை உயர்த்து.

கிளாஸ்கோவில் சோடா ஆலை நடத்திய டெனன்ட் குடும்பத்தார் 1842-ல் 435 அடிக்கு ஒன்று கட்டினார்கள். அன்றைக்கு உலகிலேயே உயரமான புகைபோக்கி அதுதான். கீழே நின்றவர்களுக்கு நிம்மதி. காற்று வீசும் திசையில் குடியிருந்தவர்களுக்கு நேரம் சரியில்லை. தன் வீட்டுக் குப்பையை மதில் தாண்டி எறிந்துவிட்டு, தெரு சுத்தமாக இருக்கிறது என்று மெச்சிக்கொள்ளும் குடித்தனக்காரரின் சாமர்த்தியம் இது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு வேறு யோசனை யாருக்கும் எளிதில் வரவில்லை.

சோடா உற்பத்தியாளர் வில்லியம் காஸேஜுக்கு மட்டும் அதற்கு முன்பே வந்திருந்தது. 1836-ல் பாழடைந்த காற்றாலைக் கோபுரம் ஒன்றில் முட்செடியையும் சுள்ளியையும் அடைத்து, மேலிருந்து தண்ணீர் விட்டு, உள்ளே வாயுவை ஏற்றிப் பார்த்தார். வாயு தண்ணீரில் கரைந்து போயிற்று. அருமையான வேலை. ஆனால் அந்தத் தண்ணீரை என்ன செய்வது? ஓடையில் விட்டார்கள். ஓடையில் ஏற்கெனவே கிடந்த சோடாக் கழிவோடு அமிலம் சேர்ந்து அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. கண்ணை எரித்தது போய் மூக்கைப் பிடித்தது.

சட்டம் வர ஒரு பெரிய மனிதரின் மரம் சாக வேண்டியிருந்தது. செயின்ட் ஹெலன்ஸ் ஆலைகளுக்குப் பக்கத்தில்தான் டெர்பி பிரபுவின் நோஸ்லி எஸ்டேட். அவர் அதற்குள் இரண்டு தடவை பிரதமராக இருந்தவர். ஏழை எளியவர் முப்பது வருஷமாக இருமியது நாடாளுமன்றத்தில் கேட்கவில்லை. பிரபு வீட்டு மரம் பட்டுப்போனதும் 1862-ல் விசாரணைக் குழு, 1863-ல் சட்டம். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவில் நூற்றுக்கு 95 பங்கைப் பிடித்தே ஆக வேண்டும் என்றது ஆல்கலி சட்டம். தொழில் நாசமாகிவிடும் என்று புலம்பிய முதலாளிகள், பிடித்த அமிலத்திலிருந்து வெளுப்புத்தூள் செய்து விற்றுப் பணம் பார்த்தார்கள். இத்தனை நாள் காசைத்தான் காற்றில் விட்டிருந்தோம் என்று தெரிந்தபோது அவர்கள் முகம் போன போக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

சட்டத்தை அமலாக்க வந்த முதல் இன்ஸ்பெக்டர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித். 1852-லேயே மான்செஸ்டர் மழையைப் பிடித்து ஆராய்ந்தவர். ஊருக்கு வெளியே வயலில் மழை நல்லபடியாக இருக்கிறது, நகரத்தை நெருங்க நெருங்க அதில் கந்தக அமிலம் ஏறுகிறது, துணிச் சாயம் வெளுக்கிறது, உலோகம் அரிக்கிறது என்று கண்டார். 1872-ல் அறுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதி, அதில் ‘அமில மழை’ என்று பெயரும் வைத்தார். நிலக்கரிதான் காரணம் என்றும் சொன்னார். கரியில் உள்ள கந்தகம் எரிந்து வாயுவாகிறது, காற்றில் ஆக்ஸிஜனோடும் நீரோடும் சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அதிக வெப்பத்தில் எரியும் எதிலும் காற்றின் நைட்ரஜன் இதே வழியில் நைட்ரிக் அமிலமாகும் என்பது பின்னால் கணக்கில் சேர்ந்தது. இன்ஸ்பெக்டருக்கோ சோடா ஆலையை அதட்டத்தான் அதிகாரம். நாட்டின் ஒவ்வொரு அடுப்பையும் அதட்ட முடியுமா? புத்தகம் எண்பது ஆண்டுகள் தூசி படிந்து கிடந்தது.

1952 டிசம்பரில் லண்டனைக் கரிப்புகை மூடியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். முதலில் பத்திரிகையில் அடிபட்டது கால்நடைக் கண்காட்சிக்கு வந்த பரிசு மாடுகள் மூச்சுமுட்டிச் செத்த செய்தி. டெர்பி பிரபுவின் மரத்துக்குப் பிறகு அந்த மாடுகள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மின்நிலையங்கள் ஊருக்கு வெளியே போயின. சிம்னி? உயர்ந்தது. டிராக்ஸ் மின்நிலையத்தில் 259 மீட்டர். லண்டன் வானம் வெளுத்தது. கடலுக்கு அப்பால் நார்வேயிலும் ஸ்வீடனிலும் மீன் மிதந்தது. ஸ்வீடன் மண்ணியலாளர் ஸ்வான்டே ஓடேன் 1967-ல் நாளிதழில் எழுதி இதை வேதிப்போர் என்றார். பிரிட்டன், இன்னும் ஆராய வேண்டும் என்றது. செலவு செய்ய மனமில்லாத அரசாங்கங்களுக்கு அறிவியலின் மேல் பொங்கும் பக்தி தனி ரகம்.

கனடாவில் சட்பரி என்று ஒரு நிக்கல் ஊர். ஆரம்பத்தில் அங்கே காட்டு மரத்தை வெட்டி அடுக்கி, மேலே கந்தகத் தாதுவைக் குவித்து, திறந்த வெளியில் மாதக்கணக்கில் எரித்தார்கள். மரம் விறகாகப் போயிற்று, மிஞ்சியது புகையில் போயிற்று, மண் மழையில் போயிற்று. கறுத்த பாறை மட்டும் நின்றது. அப்பல்லோ விண்வெளி வீரர்கள் பயிற்சிக்கு வந்தபோது, ஊர் நிலாவைப் போல இருப்பதால் வந்தார்கள் என்று பேச்சு கிளம்பியது. அவர்கள் வந்தது பழைய விண்கல் மோதிய பாறைகளைப் பார்க்க. ஊர்க்காரர்கள் இன்றுவரை இதை விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்பரிக்குத் தென்மேற்கே கிலார்னி மலைகளில் லம்ஸ்டன் என்றொரு ஏரி. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஹார்வி 1966-ல் அதில் 4,000 சால்மன் குஞ்சுகளை விட்டார். அடுத்த வருஷம் வலை போட்டால் ஒன்றுகூட இல்லை. அமில ஏரி சாகும் விதம் தந்திரமானது. தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும், சுற்றுலாக்காரர் போட்டோ எடுப்பார். தூண்டிலில் பெரிய பெரிய மீனாகச் சிக்கும், ஏரி செழிப்பாக இருக்கிறது என்று மீன்பிடிப்பவர் மகிழ்வார். பெண் மீன்கள் முட்டையிடுவதை விட்டுப் பல காலமாயிற்று, சிக்குவதெல்லாம் கிழங்கள் என்று அவருக்குத் தெரியாது. அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து இறக்கும். அது செவுளில் கோழையாகப் படிந்து மீனை மூச்சடைக்க வைக்கும். சுண்ணாம்புப் பாறை உள்ள ஊரில் மண்ணே அமிலத்தை முறித்துவிடும். கருங்கல் பூமிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காட்டு மண்ணிலோ கால்சியமும் மெக்னீசியமும் கரைந்தோடி மரம் பட்டினி கிடக்கும்.

சட்பரி கண்ட தீர்வை நீங்களே யூகித்திருப்பீர்கள். 1972-ல் 381 மீட்டர் சிம்னி. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கூரை உயரம். ஊரில் புல் முளைத்தது. புகை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய் இறங்கியது. 2020-ல் அதை நிறுத்திவிட்டார்கள். கந்தகத்தை ஆலைக்குள்ளேயே பிடிக்கக் கற்றபின் 137 மீட்டர் சிம்னிகள் இரண்டு போதுமாயின. டெனன்ட் குடும்பத்தார் 1842-ல் கட்டியதற்கு ஏறக்குறைய அதே உயரம்.

அமெரிக்காவின் கரிப்புகை கனடாவில் பெய்தது, கனடாவின் புகை அமெரிக்காவிலும் பெய்தது. அதிபர் ரீகனோ கார்களைவிட மரங்களே காற்றை அதிகம் கெடுக்கின்றன என்ற கட்சி. 1983-ல் அவருடைய நீதி இலாகா, அமில மழை பற்றிய கனடா ஆவணப்படங்களுக்கு ‘அரசியல் பிரச்சாரம்’ என்று முத்திரை குத்தியது. ஒரு மீன் செத்த கதைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. 1985-ல் கியூபெக்கில் ரீகனும் கனடா பிரதமர் மல்ரோனியும் மேடையேறி ஐரிஷ் பாட்டு ஒன்று பாடினார்கள். அமில மழைக்காகச் செய்தது, ஆளுக்கொரு தூதரை நியமித்தது.

1990-ல் அமெரிக்கச் சட்டம் திருந்தியது. மின்நிலையங்களின் மொத்தக் கந்தகத்துக்கு உச்சவரம்பு போட்டு, அதற்குள் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சீட்டு. குறைத்தவன் மிச்சச் சீட்டை விற்கலாம். 1993-ல் சிகாகோ தானியச் சந்தையில், அடுத்தவன் தலையில் கொட்டும் உரிமை கோதுமையோடு கோதுமையாக ஏலத்துக்கு வந்தது. பாவத்துக்கு ரசீது போடுகிறார்கள் என்று சிலர் கொதித்தார்கள். ஆனால் திட்டம் பலித்தது, முதலாளிகள் பயமுறுத்தியதைவிட மலிவாகவே. ஏலத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. சீட்டை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நியூயார்க் மாநிலத்துக் கிளென்ஸ் ஃபால்ஸ் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து, மின்சாரக் கம்பெனிகளோடு போட்டி போட்டுச் சில டன் கந்தகத்தை வாங்கி, யாருக்கும் விற்காமல் வைத்துக்கொண்டார்கள்.