ஆள் நல்ல மனுசன்தான், ஆனால்...

எங்கள் நாட்டில் ஒருவர் சிற்றூழியர் வேலைக்கு விண்ணப்பிப்பதென்றால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். வதிவிடத்துக்கும் நற்குணத்துக்குமான சான்றிதழை எழுதிவிக்க வேண்டும். பிரதேச செயலாளரின் மேலொப்பத்துக்காக இன்னொரு வரிசையிலும் நிற்க வேண்டியிருந்தது. எம்.பி. வேலைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை, தேநீர்க்கடைகளிலேயே அந்தச் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. "அரசியல் என்னவோ, ஆள் நல்ல மனுசன்!" ஆதாரங்களும் தயாராக இருக்கும். மையத்து வீட்டுக்கு வந்தார், கப்றடி வரைக்கும் நடந்தே வந்தார். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவிலில் வேட்டியோடு வெயிலில் நின்றார். தம்பிலுவில் கண்ணகி அம்மன் சடங்கைத் தவறவிடமாட்டார். கலியாண வீட்டில் சஹனில் நாலு பேரோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, போன் எடுத்தால் தூக்குகிறார்.

அரசியலை ஒரு பக்கமும் ஆளை ஒரு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கும் உடன்பாடுதான். எதிர்க்கட்சிக்காரனும் யோக்கியனாக இருக்கலாம், நம் கட்சிக்காரனும் கள்ளனாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளாத ஊரில் தேர்தல் எதற்கு? என் முறைப்பாடெல்லாம் நாங்கள் பரீட்சை வைக்கிற இடத்தைப் பற்றியது. மையத்து வீட்டுக்கு வருவதால் ஒரு அரசியல்வாதிக்கு என்ன நட்டம்? ஒரு பிற்பகலும் கொஞ்சம் டீசலும். அதற்கு ஈடாகத் தெருவே அவரைப் பார்க்கிறது. இலாபம் வருகிற இடத்தில் எல்லாரும் நல்ல மனுசர்தான். நட்டம் வரும் என்று தெரிந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் குணக்கணக்கு. அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க எங்களுக்கு நேரம் இருப்பதில்லை, பந்தி போட்டுவிடுகிறார்கள்.

உதாரணத்துக்குத் தொலைவு போகத் தேவையில்லை, கல்முனை போதும். 1956இல் தமிழரசுக் கட்சி இந்தக் கரையில் இரண்டு முஸ்லிம் வேட்பாளர்களை வெல்ல வைத்தது. கல்முனையில் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர், பொத்துவிலில் எம்.எம். முஸ்தபா. கொஞ்ச காலத்துக்குள் இருவரும் அரசாங்கப் பக்கம் போய்விட்டார்கள். முஸ்தபா பின்னர் பிரதமர் தஹநாயக்கவின் அமைச்சரவையில் நிதியமைச்சராகவே இருந்தார். சமஷ்டி கேட்டு அனுப்பியவர் திறைசேரியில் இருந்ததைப் பார்த்துத் தமிழரசுக்காரர்கள் பல்லைக் கடித்திருப்பார்கள். ஆனாலும் இதுவரை நடந்ததை அரசியல் என்றே வைத்துக்கொள்வோம். அரசோடு நின்றால்தான் ஊருக்கு ஏதாவது வரும் என்று ஒருவர் நம்பினால், அது பிழையான கருத்தாக இருக்கலாம், கெட்ட குணம் என்று சொல்லிவிட முடியாது. குணம் அடுத்த அத்தியாயத்தில்தான் வருகிறது. பாராளுமன்ற உறுப்பினர்கள் இலஞ்சம் வாங்கினார்களா என்று விசாரித்த தலகொடபிட்டிய ஆணைக்குழு 1960இல் அறிக்கை கொடுத்தது. வாங்கினார்கள் என்று அது கண்டவர்களில் காரியப்பரும் ஒருவர். கல்முனை என்ன செய்தது? 1965 தேர்தலில் அவரையே மறுபடி பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

அறிக்கை இரகசியமல்ல, நாடே பேசிய சங்கதி. வாக்காளர் குணத்தையும் அரசியலையும் பிரித்துத்தான் பார்த்தார்கள். பிரித்த பிறகு குணத்தைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போனார்கள் என்பதுதான் சிக்கல். அதே 1965இல் பாராளுமன்றம் 14ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றி, அட்டவணையில் பெயர் குறித்தவர்களின் குடியியல் உரிமைகளை ஏழு வருடத்துக்கு நிறுத்தியது. காரியப்பரின் ஆசனமும் போயிற்று. அவர் விடவில்லை, இலண்டன் கோமறைக் கழகம் வரை வழக்காடினார். 1967இல் அங்கிருந்த நீதிமான்கள், இது குற்றவாளி என்று தீர்க்கிற தீர்ப்பல்ல, பொதுவாழ்வுக்குத் தகுதியில்லை என்கிற சட்டம், ஆகவே செல்லும் என்றார்கள். ஒரு மனிதரின் நற்குணச் சான்றிதழ் கல்முனையில் வழங்கப்பட்டு இலண்டனில் இரத்துச் செய்யப்பட்ட கதை இது. மேலொப்பத்துக்கு இத்தனை தூரம் போனவர் வேறு யாரும் இந்தக் கரையில் இருக்க முடியாது. பெயர் குறித்து ஆளுக்கொரு சட்டம் போடுவது நல்ல பழக்கமா என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. அரசியல் எதிரிகளே நீதவான்களாகிவிடும் ஆபத்து அதில் உண்டு. 1980இல் சிறிமாவோவின் குடியியல் உரிமை பறிக்கப்பட்டபோது அந்த ஆபத்தை நாடே கண்டது. ஆனால் ஊர் செய்ய மறுத்த வேலையைத்தான் சட்டம் செய்யத் துணிந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

யோக்கியத்தைச் சட்டியில் போட்டு ஆக்கித் தின்ன முடியுமா என்று இங்கே ஒருவர் எழும்பிக் கேட்பார். காமராஜரைக் காட்டுவார். ஒன்பது வருடம் முதலமைச்சராக இருந்தும் சொத்துச் சேர்க்காத அந்த மனிதரை 1967இல் விருதுநகரில் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் 1,285 வாக்கால் தோற்கடிக்கவில்லையா? தோற்கடித்தார்தான். ஆனால் விருதுநகர் செய்ததைக் கவனிக்க வேண்டும். அரிசித் தட்டுப்பாட்டுக்கும் இந்தித் திணிப்புக்கும் காங்கிரஸ் மீது வந்த கோபம் அது. காமராஜர் களவெடுத்தார் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நல்ல மனிதர், அவருடைய கட்சி வேண்டாம் என்றார்கள். ஆளையும் அரசியலையும் பிரிப்பதென்றால் இப்படித்தான் பிரிக்க வேண்டும், வலித்தாலும்.

மறுபக்கத்தில் டட்லி சேனநாயக்க இருக்கிறார். கலியாணம் கட்டாதவர், கமராவும் கோல்ஃபும் போதும் என்று இருந்தவர், மென்மையானவர் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டவர். அரிசி விலையை ஏற்றியதால் 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலில் ஆட்கள் சுடப்பட்டுச் செத்தபோது, அந்தப் பாரம் தாங்காமல் அதே ஒக்டோபரில் பிரதமர் பதவியைத் துறந்தார். இந்தக் கதிரையை அப்படி விட்டுப்போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். குணக்கணக்கில் நல்ல புள்ளிகள். அதே டட்லி 1965 மார்ச் 24ஆம் திகதி தமிழரசுக் கட்சியின் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். மாவட்ட சபைகள் தருவேன், வடக்குக் கிழக்கில் காணி கொடுக்கும்போது அந்தந்த மாவட்டத்துக் காணியற்றவர்களுக்கு முதலிடம் என்றார். கல்லோயாத் திட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எங்களுக்கு அந்தக் காணி வாசகம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழும்பியது, 1968இல் மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டது. டட்லி அப்போதும் மென்மையானவராகத்தான் இருந்தார். கடுகடுத்தவர் ஒருவர் கைவிட்டிருந்தாலும் எங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது அதே பூச்சியம்தான். பெரிய மனுசன் மெதுவாகச் சொன்னாரே என்று ஆறுதல்பட, காணி ஒரு சுகவிசாரிப்பு அல்லவே.

ஆளையும் அரசியலையும் குழப்புவதில் இன்னொரு வகை உண்டு. அதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. 1977இல் பொத்துவில் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். இரண்டாவது ஆசனத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் எம். கனகரத்தினம் வென்றார், சில மாதங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மாறினார். வாக்களித்தவர்களுக்குக் கோபம் வருவது நியாயம். அந்தக் கோபத்துக்கு மருந்து அடுத்த தேர்தல். ஆனால் துரோகி என்ற பட்டம் தேர்தல் வரை காத்திருக்கவில்லை. 1978 ஜனவரியில் கொழும்பில் அவரைச் சுட்டார்கள். பிழைத்தார், 1980இல் இறந்துபோனார். ஒருவரின் அரசியல் முடிவையே அவருடைய முழுக் குணமாக எழுதிவிட்டால், மற்ற எதையும் விசாரிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. அந்த வசதிக்கு அதன் பிறகு முப்பது வருடம் எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் என்று இந்தக் கரைக்குத் தெரியும்.

அப்படியானால் அரசியல் முடிவில் குணமே கிடையாதா என்று மடக்குவார்கள். இதுதான் உள்ளதில் வலுவான கேள்வி. இருக்கிறது. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஜனாதிபதிக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுக்கிற திருத்தம். கொரோனாவில் இறந்தவர்களின் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் பிடிவாதமாக நின்ற காலம் அது. முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய கட்சியின் மற்ற நான்கு பேரும் ஆதரித்தார்கள், எங்கள் மாவட்டத்து ஹரீஸும் பைசல் காசிமும் உட்பட. அரசோடு ஒட்டி நின்றால்தான் சமூகத்துக்கு ஏதாவது பேசி எடுக்கலாம் என்பது அந்தப் பக்கத்து நியாயம். அதை நம்பித்தான் வாக்களித்தார்கள் என்றால் அது கருத்து, விவாதிக்கலாம். ஆனால் ஜனாஸா எரிப்பு நின்றது 2021 பெப்ரவரியில். அந்த நான்கு மாதமும் இந்தக் கரையில் மையத்து வீட்டு வருகையை வைத்து யாருக்கும் சான்றிதழ் கொடுக்க முடியாது. புகையில் யார் முகம் தெரியும்? என் அளவுகோல் இதுதான்: கொண்ட கருத்துக்காக ஒருவரைக் குணம் கெட்டவர் என்று சொல்லாதே, அந்தக் கருத்துக்கு அவர் என்ன விலை கொடுத்தார், அல்லது வாங்கினார் என்று கேள்.

விலை கொடுத்தவரும் இதே மண்ணில் இருந்தார். முஸ்லிம் காங்கிரஸை ஆரம்பித்த எம்.எச்.எம். அஷ்ரப், 1994 உள்ளூராட்சித் தேர்தலின்போது, மாவட்டத்தில் தங்கள் சபைகளில் ஒன்றைத் தோற்றாலும் எம்.பி. பதவியைத் துறப்பேன் என்று மேடையில் சொல்லிவிட்டார். ஒன்று கைநழுவியது, சொன்னபடி துறந்தார். மேடையில் சொன்னதை மறுநாள் காலை மறந்துவிடும் உரிமை எங்கள் அரசியல்வாதிகளின் பரம்பரைச் சொத்து. அதை அவர் உதறினார். அதே வருடம் பொதுத் தேர்தலில் வென்று அமைச்சரும் ஆகிவிட்டார், நட்டத்துக்கு வட்டி சேர்ந்து வந்தது என்று நக்கலடிக்கலாம். எங்கள் தம்பிலுவில்காரர்களுக்கு அவருடைய அரசியலோடு காணியிலும் எல்லையிலும் சபைகளிலும் ஆயிரம் பிணக்கு இருந்தது, இன்றும் தீரவில்லை. அந்தப் பிணக்கு முழுவதையும் வைத்துக்கொண்டே இந்த ஒரு புள்ளியை அவருக்குப் போடலாம். போடுவதால் எங்கள் வயல் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது குணமே ஒரு கட்சிக் கொள்கையாகிவிட்டது. களவில்லாத கைகள் என்று சொல்லியே தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 159 ஆசனங்களை எடுத்தது. சபாநாயகராக அசோக ரன்வல வந்தார், பெயருக்கு முன்னால் கலாநிதி. அந்தக் கலாநிதிப் பட்டம் எங்கே என்று ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். சான்றைக் காட்ட முடியாமல், மூன்று வாரத்தில், டிசம்பர் 13ஆம் திகதி பதவி விலகினார். பொன்னாடை போர்த்தும்போதே கலாநிதிப் பட்டத்தையும் சேர்த்துப் போர்த்திவிடுகிற எங்கள் மேடைகளுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான தண்டனையாகத் தோன்றியிருக்கும். ஆனாலும் அவர் விலகினார். பட்டத்துக்கு ஒரு புள்ளி கழித்தால், விலகலுக்கு அரைப் புள்ளியாவது திருப்பிக் கொடுப்பதுதான் முறை.

கடைசியாக மிஞ்சுவது, இப்படி எல்லாரையும் சல்லடையில் போட்டால் வாக்குப் போட ஆள் மிஞ்சுமா என்கிற பயம். இதற்குப் பதில் வாக்குச்சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது. எங்கள் திகாமடுல்ல மாவட்டத்துக்கு ஏழு ஆசனம், ஒவ்வொரு கட்சியும் பத்துப் பேரை நிறுத்த வேண்டும். மேலே கட்சிக்குப் புள்ளடி, கீழே பத்து இலக்கங்களில் மூன்றுக்கு விருப்பு வாக்கு. கட்சியின் கொள்கை மேலேயே முடிந்துவிட்டது. கீழே உள்ள பத்துப் பேருக்கும் ஒரே கொள்கை, ஒரே விஞ்ஞாபனம். அவர்களுக்குள் வித்தியாசம் குணத்தில்தான் இருக்க முடியும். நாங்கள் அங்கே ஊரைப் பார்த்துப் போடுகிறோம் என்பது எங்கள் கெட்டித்தனம். சட்டம் இன்னொரு சலுகையும் தந்திருக்கிறது. விருப்பு வாக்குக் கட்டாயமில்லை. மேலே கட்சிக்கு மட்டும் புள்ளடி போட்டுவிட்டு, கீழே பத்து இலக்கங்களையும் தொடாமல் மடித்துப் போட்டாலும் வாக்குச் செல்லும். எந்த வேட்பாளரும் இதை மேடையில் விளக்கி நான் கேட்டதில்லை.